கப்பலுக்குப் போகணுமா? முதல்ல கண்ணைப் பாருங்க

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு போன் கால்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, கோடை லீவுல, அக்கா மகன் ஊர்ல இருந்து கூப்பிட்டான். அப்ப ஒன்பதாவது முடிச்சிருந்தான். "மாமா, நான் கப்பல்ல வேலைக்குப் போகலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" அப்படின்னான். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. "யோசிச்சுச் சொல்றேன் மாப்ள"ன்னு வெச்சுட்டேன்.

ஏன் பேச்சு வரலன்னு சொல்றதுக்கு முன்னாடி ஊரைப் பத்திச் சொல்லணும். எங்க ஊர் பொட்டிப்புரம். தேனி மாவட்டம், தேவாரத்துக்குப் பக்கம். நெட்ல தேடிப் பாத்தீங்கன்னா நியூட்ரினோதான் வரும். எங்க ஊரை ஒட்டின அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு, உள்ள 50,000 டன் இரும்பு வெச்சு ஒரு ஆய்வுக்கூடம் கட்டணும்னு திட்டம் போட்டு, 2015-ல மத்திய அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்து, அதுக்கப்புறம் போராட்டம், வழக்குன்னு போச்சு. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம். இன்னைக்கு விஷயம் என்னன்னா, நாங்க மலைக்காரங்க. ஏலக்காய், காபி, திராட்சை, தக்காளி தெரியும். கடல்னா தூத்துக்குடி போகணும். இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நானே முதன்முதலா கடல் பாத்தது ஒன்பதாம் வகுப்பு டூர்லதான்.

அப்படிப்பட்ட ஊர்ல இருந்து 2010-ல ஒருத்தன் கப்பலுக்குப் போறேன்னு கிளம்பினான். அது நான்தான்.

பன்னெண்டாவதுல மார்க் நல்லா இருந்துச்சு. மதுரையில ஒரு ஏஜென்ட் ஆபீஸ். சுவர் முழுக்கக் கப்பல் படம், வெள்ளை யூனிஃபார்ம் போட்ட பசங்க போட்டோ. "சீட் கன்ஃபார்ம், ஒன்றரை லட்சம் அட்வான்ஸ், மெடிக்கல் எல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி"ன்னாங்க. அப்பா அரை ஏக்கரை ஒத்திக்கு விட்டாரு. அம்மா செயினும் போச்சு. பணம் கட்டி ஒன்றரை மாசம் கழிச்சு மெடிக்கலுக்குச் சென்னைக்கு அனுப்பினாங்க. டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தாரு. பக்கம் பூரா கலர் கலரா புள்ளி. "இதுல என்ன நம்பர் தெரியுது?" முதல் பக்கம் 12. சொல்லிட்டேன். அடுத்த பக்கம் ஒண்ணும் தெரியல. அதுக்கு அடுத்த பக்கமும் தெரியல. டாக்டர் ரொம்ப மரியாதையா புத்தகத்தை மூடிட்டு, "தம்பி, உங்களுக்கு இதுக்கு முன்னாடி யாரும் சொல்லலையா?"ன்னு கேட்டாரு.

சிவப்பு பச்சை நிறக்குறைபாடு. கப்பல் வேலைக்கு அதோட முடிஞ்சது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டோம். ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல "திருப்பித் தரப்படாது"ன்னு இருந்துச்சு. நிலத்தை மீட்க எங்களுக்கு நாலு வருஷம் ஆச்சு.

யோசிச்சுப் பாத்தா அறிகுறி சின்ன வயசுலயே இருந்துச்சு. அம்மா கொஞ்ச நாள் போடியில ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாங்க. நல்ல பச்சைக் காய் தனி, வெளுத்துப் பழுப்படிச்சது தனி. லீவு நாள்ல நானும் கூட உக்காருவேன். நான் பிரிச்ச குவியலை அம்மா திரும்பப் பிரிப்பாங்க. "கவனம் எங்கடா இருக்கு"ன்னு தலையில ஒரு தட்டு. தக்காளித் தோட்டத்துலயும் அதே கதைதான், பழம் என் கண்ணுக்குச் சிக்காது. சோம்பேறின்னு பேர் வாங்கினேன். அது கண்ணோட பிரச்சனைன்னு வீட்டுல யாருக்கும் தோணல. எனக்கே தோணல. பிறந்ததுல இருந்து அப்படித்தான் பாக்குறோம், மத்தவங்களுக்கு வேற மாதிரித் தெரியும்னு எப்படித் தெரியும்?

அதனாலதான் இந்த எபிசோட். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே மெர்ச்சன்ட் நேவிக்கு எப்படித் தயாராகிறதுன்னு தேடினா, எங்க போனாலும் "எந்தக் கோச்சிங் சேரணும், எவ்வளவு கட்டணும்"னுதான் ஆரம்பிக்கிறாங்க. என்னைக் கேட்டா வரிசையே தலைகீழ். முதல்ல கண். அப்புறம் பதினொண்ணாவது குரூப். அப்புறம் இங்கிலீஷ், நுழைவுத்தேர்வு, கம்பெனி. பணம் கடைசி. இந்த வரிசைப்படி போனா நடுவுல எங்க நின்னாலும் நிலம் போகாது.

சரி, கண். ஒரு புள்ளிப் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அந்தப் புத்தகத்துக்கு இஷிஹாரா டெஸ்ட்னு பேர். ஷினோபு இஷிஹாரான்னு ஒரு ஜப்பானிய டாக்டர் 1917-ல வெளியிட்டது. நூறு வருஷம் தாண்டியும் உலகம் பூரா அதைத்தான் முதல்ல நீட்டுறாங்க.

இப்ப ராத்திரி நேரத்துல நடுக்கடல்ல நீங்க கப்பலோட பிரிட்ஜ்ல நிக்கிறதா வெச்சுக்குங்க. பிரிட்ஜ்னா கப்பலை ஓட்டுற மேல்தள அறை. சுத்தி ஒரே கருப்பு. தூரத்துல ஒரு சின்ன லைட். அது ஒரு கப்பல். எந்தப் பக்கம் போகுது? பகல்னா உருவம் தெரியும். ராத்திரியில அந்த லைட்டோட நிறம்தான் பதில். உலகத்துல எந்தக் கப்பலா இருந்தாலும் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. இடதுக்கு அவங்க பாஷையில போர்ட், வலதுக்கு ஸ்டார்போர்ட். உங்களுக்கு வலது பக்கத்துல ஒரு சிவப்பு லைட் தெரியுதுன்னா, அந்தக் கப்பலோட இடது பக்கத்தை நீங்க பாக்குறீங்க. அதாவது அது உங்க வலதுல இருந்து இடதுக்குக் குறுக்க வருது. 1972-ல போட்ட சர்வதேச மோதல் தடுப்பு விதிப்படி, வலது பக்கம் குறுக்க வர்றவனுக்கு நீங்கதான் வழி விடணும். அதே இடதுல பச்சை தெரிஞ்சா, வழி விட வேண்டியது அவன். நீங்க உங்க பாதையில நேரா போகணும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிஞ்சா அவன் நேருக்கு நேர் வர்றான், ரெண்டு பேரும் வலதுக்குத் திருப்பணும்.

நம்ம ஊர் டிராஃபிக் சிக்னல்ல சிவப்பு எப்பவும் மேல, பச்சை கீழ. நிறம் தெரியாட்டியும் இடத்தை வெச்சுச் சமாளிச்சுடுவேன். கடல்ல அந்த லைட்டுக்கு மேலயும் கீழயும் ஒண்ணும் கிடையாது. இருட்டுல ஒரே ஒரு புள்ளி. அது என்ன நிறம்னு எனக்குத் தெரியாது. என் கப்பல்ல இருபது இருபத்தஞ்சு பேர் தூங்கிட்டு இருப்பாங்க. அன்னைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்ப அந்த விதி சரின்னுதான் சொல்வேன். நான் கோபப்பட வேண்டியது பணம் வாங்குறதுக்கு முன்னாடி கண்ணைப் பாக்கச் சொல்லாத ஆள் மேலதான்.

இன்ஜின் பக்கம் போறவங்களுக்கு என்ன? வயர், பைப், பேனல் லைட் எல்லாமே நிறம்தான். அங்கயும் நிறக்குறைபாடு தடைதான். வித்தியாசம் பார்வைக் கூர்மையில இருக்கு. டெக் பக்கம், அதாவது கப்பலை ஓட்டுற அதிகாரி வழிக்கு, கண்ணாடி போடாமலே 6/6-ஐ ஒட்டின பார்வை வேணும். இன்ஜின் பக்கம் ஓரளவு பவர் இருந்தா அனுமதி உண்டு. சரியான அளவை டைரக்டர் ஜெனரல் ஆஃப் ஷிப்பிங், சுருக்கமா டிஜி ஷிப்பிங்னு சொல்ற மத்திய அரசு அலுவலகத்தோட இணையதளத்துல நீங்களே பாத்துக்கங்க. நிறம் தெரிய வைக்கிற ஸ்பெஷல் லென்ஸ், கண்ணாடின்னு ஆன்லைன்ல விக்கிறாங்க, அதை மெடிக்கல்ல ஏத்துக்க மாட்டாங்க. புள்ளி நம்பர்களை மனப்பாடம் பண்ணிட்டுப் போலாம்னு யாராவது யோசனை சொன்னா, அந்த இருபது பேரை நினைச்சுக்கங்க.

இப்ப என் பேச்சு ஏன் நின்னுச்சுன்னு சொல்றேன். இந்தக் குறைபாடு பெரும்பாலும் அம்மா வழியா வர்றது. எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஆணுக்கு ஒரே எக்ஸ், அது அம்மாகிட்ட இருந்து வருது. அப்பாகிட்ட இருந்து மகனுக்கு வராது. பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ் இருக்கிறதால, ஒண்ணுல குறை இருந்தாலும் இன்னொண்ணு சமாளிச்சுடும். அவங்களுக்கு நிறம் நல்லாவே தெரியும், ஆனா மகனுக்குக் கொடுக்க வாய்ப்பு இருக்கு. எனக்கு இருக்குன்னா என் அம்மா அதைச் சுமக்கிறாங்கன்னு அர்த்தம். அக்காவுக்குப் போயிருக்க ரெண்டுல ஒண்ணு வாய்ப்பு. அக்காகிட்ட இருந்தா அவ மகனுக்கு வர்றதுக்கு மறுபடியும் ரெண்டுல ஒண்ணு. ஆக, மாப்ளைக்கு நாலுல ஒண்ணு. நம்ம வீடுகள்ல தாய்மாமன்தான் மடியில உக்கார வெச்சுக் காது குத்துவார், சீர் கொண்டு வருவார். கண் விஷயத்துலயும் பையன் முதல்ல விசாரிக்க வேண்டிய ஆள் அந்தத் தாய்மாமன்தான். மாமனுக்கோ அம்மாவோட அப்பாவுக்கோ நிறம் தடுமாறும்னா பையனைக் கட்டாயம் சோதிக்கணும். யாருக்குமே இல்லேன்னாலும் சோதிக்கணும், ஏன்னா எங்க வீட்டுல என்னை மாதிரி யாருக்கும் தெரியாமலே இருக்கலாம்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அவனைத் தேனியில ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அதே புள்ளிப் புத்தகம். அவன் பக்கத்துல நானும் உக்காந்திருந்தேன். அவன் ஒவ்வொரு பக்கமா நம்பர் சொல்லச் சொல்ல, எனக்கு அந்தப் பக்கத்துல ஒண்ணுமே தெரியல. அவன் சரியாச் சொல்றானா தப்பாச் சொல்றானான்னுகூடத் தெரியாம அந்த அம்மாவோட முகத்தையே பாத்துட்டு இருந்தேன். முடிஞ்சதும் அவங்க சிரிச்சாங்க. "நார்மல்." சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, அப்பா திண்ணையில உக்காந்திருந்தாரு. கப்பல், காலேஜ் எதையும் கேக்கல. "கண்ணு பாத்தாச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு.

செலவு? பஸ் டிக்கெட், டாக்டர் ஃபீஸ். சில நூறு ரூபாய். ஒரு நாள்.

கண் சரின்னு தெரிஞ்ச பிறகு வர்ற அடுத்த வாசல் பத்தாவது முடிச்சதும் வருது. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். பதினொண்ணாவதுல கணிதம், இயற்பியல், வேதியியல் மூணும் இருக்கிற குரூப்பை எடுக்கணும். கூட உயிரியலோ கணினி அறிவியலோ எது இருந்தாலும் பரவாயில்ல. கணிதம் இல்லாத சயின்ஸ் குரூப் எடுத்தா அதிகாரி ஆகிற வழி அங்கயே மூடிடும். நீட் கனவுல கணக்கை விட்டுட்டு, அப்புறம் பன்னெண்டாவது பாதியில கப்பல் ஆசை வந்து நிக்கிற பசங்களைப் பாத்திருக்கேன். பன்னெண்டாவதுல அந்த மூணு பாடத்துலயும் சேர்த்து சராசரி 60 சதவீதம் வேணும். இங்கிலீஷ்ல பத்தாவதுலயோ பன்னெண்டாவதுலயோ 50 சதவீதம். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு மூணு பாட சராசரியில 5 சதவீதம் சலுகை உண்டு.

அந்த 50 சதவீத இங்கிலீஷ் பேப்பர்ல சுலபம். நிஜத்துல அதுதான் எங்க ஊர்ப் பசங்களுக்குப் பெரிய மலை. நுழைவுத்தேர்வு இங்கிலீஷ்லதான். தமிழ் வழியில படிச்சவனுக்கு விசைன்னா தெரியும், உந்தம்னா தெரியும். ஃபோர்ஸ், மொமென்டம்னு கேட்டா ஒரு நொடி தடுமாறுவான். அந்த ஒரு நொடி இருநூறு கேள்விக்கும் சேர்ந்தா எவ்வளவு ஆகும்னு பாருங்க. இதுக்கு நான் கண்ட வழி ரொம்பச் சாதாரணம். தமிழ்ப் பாடப்புத்தகத்தையும் அதே பாடத்தோட இங்கிலீஷ் புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கிறது. ரெண்டுமே தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகம், இணையத்துல இலவசமாக் கிடைக்குது. மாப்ள ஒரு நாளைக்கு ஒரு பக்கம் இப்படித்தான் படிக்கிறான். ஆறு மாசத்துல கலைச்சொல் பழகிடுச்சு.

ஏன் இங்கிலீஷை இவ்வளவு வலியுறுத்துறாங்க? ஒரே கப்பல்ல கேப்டன் இந்தியர், சீஃப் இன்ஜினியர் உக்ரைன்காரர், சுக்கான் பிடிக்கிறவர் ஃபிலிப்பைன்ஸ்காரர்னு இருக்கும். ஆபத்து நேரத்துல ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தப்பாப் புரிஞ்சா கப்பல் போச்சு. அதனால கடல் பேச்சுக்குன்னே ஒரு நிலையான வாக்கியத் தொகுப்பை சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல ஏத்துக்கிச்சு. அலங்காரம் இல்லாத, சின்னச் சின்ன வாக்கியம். ஷேக்ஸ்பியர் வேண்டாம். வயர்லெஸ்ல கரகரன்னு கேக்குறது புரியணும், திரும்பத் தெளிவாச் சொல்லத் தெரியணும். யூடியூப்ல வேற வேற நாட்டுக்காரங்க பேசுற இங்கிலீஷைக் காது கொடுத்துக் கேக்கிறது, எல்லாருக்கும் தெரிஞ்ச அமெரிக்க சீரிஸை விட இதுக்கு அதிகமா உதவும்.

இனி தேர்வு. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வரலாறு, பொறுத்துக்கங்க. வ.உ.சி. 1906-ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்சு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அவரால கப்பல் வாங்க முடிஞ்சது. அந்தக் கப்பலுக்கான அதிகாரிகளை இங்கேயே உருவாக்க அப்ப ஒரு இடம் கிடையாது. இந்தியப் பசங்களுக்கான முதல் பயிற்சிக் கப்பல் டஃபரின் பம்பாய்ல வந்தது 1927-ல. இடையில 21 வருஷம். டஃபரினுக்கு அப்புறம் 1972-ல ராஜேந்திரா, அதுக்கு அப்புறம் 1993-ல நவி மும்பையில கரையிலேயே சாணக்யா. இப்ப அது இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தோட ஒரு வளாகம். ஐஎம்யுன்னு சொல்ற அந்தப் பல்கலைக்கழகம் 2008-ல வந்தது, மத்தியப் பல்கலைக்கழகம், தலைமையிடம் நம்ம சென்னையில. மாமல்லபுரத்துக்கு ஈசிஆர்ல வண்டி ஓட்டிட்டுப் போனவங்க உத்தண்டி பக்கத்துல அதோட வாசலைத் தாண்டித்தான் போயிருப்பீங்க.

ஐஎம்யு நடத்துற பொது நுழைவுத்தேர்வுதான் ஐஎம்யு சிஇடி. கம்ப்யூட்டர்ல எழுதுறது, 3 மணி நேரம், 200 கேள்வி. இங்கிலீஷ், பொது அறிவு, ஆப்டிட்யூட், இயற்பியல், வேதியியல், கணிதம். பன்னெண்டாவது தரம். ஜேஇஇ மாதிரி தலையைப் பிச்சுக்க வைக்கிற தேர்வு இல்ல, வேகத்தைச் சோதிக்கிற தேர்வு. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. பல்கலைக்கழக வளாகங்களுக்கு மட்டும் இல்ல, அதோட இணைஞ்ச தனியார் கல்லூரிகள்ல டிஎன்எஸ், நாட்டிகல் சயின்ஸ், மரைன் இன்ஜினியரிங் சேரவும் இதே தேர்வுதான்.

நம்ம ஊர்ல பல பள்ளிக்கூடங்கள்ல பதினொண்ணாவது பாடத்தை ஓட்டிட்டு ரெண்டு வருஷமும் பன்னெண்டாவதையே அரைக்கிற பழக்கம் இருக்கு. இந்தத் தேர்வுக்கு அது ஆகாது. திசையன், சார்பு வேகம், மிதத்தல், வெப்ப இயந்திரம், முக்கோணவியல் எல்லாம் பதினொண்ணாவதுல இருக்கு. அதுமட்டும் இல்ல, கடல் வேலையோட கணக்கே அதுதான். ஒரு உதாரணம் சொல்றேன். தேவாரம் ரோட்ல நீங்க பைக்ல போறீங்க. குறுக்கு ரோட்ல இன்னொரு பைக் வருது. உங்க பார்வையில அவன் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னாடி நகர்ந்தா, நீங்க முன்னாடி கடந்துடுவீங்க. முன்னாடி நகர்ந்தா அவன் கடந்துடுவான். நகராம அதே கோணத்துல இருந்துக்கிட்டே பெருசாகிட்டே வந்தா? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சந்திப்புக்கு வர்றீங்க, மோதல்தான். கப்பல் அதிகாரி காம்பஸ்ல திரும்பத் திரும்பப் பாக்குறது இதைத்தான். கோணம் மாறல, தூரம் குறையுது, அப்போ ஆபத்து. சார்பு வேகம்னு போர்டுல எழுதிப் போட்ட பாடம் இதுதான்னு சொன்ன அன்னைக்கு, மாப்ள அந்த அத்தியாயத்தை மறுபடியும் முதல்ல இருந்து படிச்சான்.

எந்தப் படிப்புன்னு சுருக்கமாச் சொல்லிடறேன். டெக் பக்கம் போக ரெண்டு வழி. டிஎன்எஸ்னா ஒரு வருஷம் கரையில படிப்பு, அப்புறம் 18 மாசம் கப்பல்ல பயிற்சி. பிஎஸ்சி நாட்டிகல் சயின்ஸ்னா மூணு வருஷப் படிப்பு, அப்புறம் 12 மாசம் கப்பல். இன்ஜின் பக்கம் பிடெக் மரைன் இன்ஜினியரிங் நாலு வருஷம், அதுக்கப்புறம் கப்பல்ல 6 மாசம். பத்தாவதோட போகணும்னா ஜிபி ரேட்டிங்னு ஆறு மாசப் பயிற்சி இருக்கு. அதுல அதிகாரி இல்ல, பணியாளரா ஏறுறீங்க. தூத்துக்குடியில மாநில அரசோட தமிழ்நாடு கடல்சார் அகாடமி இருக்கு, அங்க விசாரிக்கலாம்.

இந்த "கப்பல்ல 12 மாசம், 18 மாசம்" அப்படிங்கிற இடத்தைக் கவனிங்க. கல்லூரிகள் விளம்பரத்துல பெருசாச் சொல்லாத இடம் அது. படிப்பை முடிச்சுட்டாலே அதிகாரி ஆக முடியாது. கடல்ல அந்த மாசங்களைக் கழிச்சுட்டு வந்து, டிஜி ஷிப்பிங் தேர்வை எழுதித்தான் உரிமம் வாங்கணும். அந்தப் பயிற்சிக்கு ஒரு கம்பெனி உங்களைக் கப்பல்ல ஏத்தணும். படிப்பை முடிச்சுட்டு ஏத்த ஆள் இல்லாம, வருஷக்கணக்குல மும்பையில ஒரு ரூம்ல பத்துப் பேரோட தங்கி, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குற பசங்க இருக்காங்க. கடனுக்கு வட்டி மட்டும் ஓடிட்டு இருக்கும்.

அதுக்குத்தான் ஸ்பான்சர்ஷிப். சில கப்பல் கம்பெனிகள் தாங்களே தேர்வு வெச்சு, நேர்காணல் பண்ணி, "இவன் படிச்சு முடிச்சதும் எங்க கப்பல்ல பயிற்சி கொடுக்கிறோம்"னு கடிதம் கொடுப்பாங்க. முக்கியமா டிஎன்எஸ் சேர்றவங்க அந்தக் கடிதம் கையில இல்லாம ஃபீஸ் கட்டாதீங்கன்னு நான் சொல்வேன். என் சொந்தக் கருத்து. வேற மாதிரி சொல்றவங்களும் இருப்பாங்க. மரைன் இன்ஜினியரிங்ல ஐஎம்யு வளாகமா இருந்தாலே வருஷத்துக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகும், தனியார்ல இன்னும் அதிகம். கல்லூரியைக் கேட்க வேண்டிய கேள்வி "பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம்" இல்ல. "போன வருஷம் முடிச்ச பசங்கள்ல எத்தனை பேர் இப்ப கப்பல்ல இருக்காங்க, எந்தக் கம்பெனி?" அதைக் கேளுங்க. முடிஞ்சா அவங்கள்ல ரெண்டு பேர்கிட்ட நேரா பேசுங்க.

ஏஜென்ட் பத்தி. மாலுமிகளை வேலைக்கு எடுத்துக் கொடுக்கிற நிறுவனத்துக்கு டிஜி ஷிப்பிங் கொடுக்கிற உரிமம் இருக்கணும், ஆர்பிஎஸ்எல்னு சொல்வாங்க. யார் யாருக்கு இருக்குன்னு அரசு இணையதளத்துலயே பட்டியல் உண்டு. இந்தியா 2015-ல ஏத்துக்கிட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தர்றதுக்காக மாலுமிகிட்ட காசு வாங்கக் கூடாது. மெடிக்கல், பாஸ்போர்ட், சிடிசின்னு சொல்ற மாலுமி அடையாளப் புத்தகம் இந்தச் செலவுகள் மட்டும்தான் நம்ம தலையில வரலாம். ஆக "கப்பல்ல ஏத்திவிட மூணு லட்சம்"னு ஒருத்தர் கேட்டார்னா, அவர் எவ்வளவு நல்லாப் பேசினாலும் எழுந்து வந்துடுங்க. 2010-ல இந்த ஒரு பத்தியை யாராவது எங்க அப்பாவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டியிருக்கலாம்.

நிறம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை, என் கட்சிக்காரங்க நீங்க. கப்பல்ல வேலை பாக்கிற வழிதான் மூடும். கப்பலை வடிவமைக்கிற நேவல் ஆர்க்கிடெக்சர் படிப்பு விசாகப்பட்டினம் ஐஎம்யு வளாகத்துல இருக்கு. கொச்சின் பல்கலைக்கழகத்துல இருக்கு. சென்னை ஐஐடியில கடல் பொறியியல் துறையே இருக்கு. துறைமுகம், லாஜிஸ்டிக்ஸ் பக்கமும் போகலாம். எனக்கு அன்னைக்கு இதெல்லாம் யாரும் சொல்லல. பிஎஸ்சி படிச்சு, எங்கெங்கயோ சுத்தி, இப்ப மைக் முன்னாடி உக்காந்திருக்கேன். பெரிய வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா மெரினாவுல சாயங்காலம் நின்னா, வெளியில நங்கூரம் போட்டிருக்கிற கப்பல்ல லைட் போடுறதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் வருவேன்.

நீச்சலைப் பத்திப் பல பேர் கேக்குறாங்க. கல்லூரிக்குள்ள போனதும் உயிர்காப்புப் பயிற்சியில லைஃப் ஜாக்கெட்டோட தண்ணியில குதிக்க வைப்பாங்க, அதனால இப்பவே கத்துக்கிறது நல்லது. எங்க பக்கம் அதுக்குப் பஞ்சம் இல்ல, தோட்டத்துக் கிணறு இருக்கு. தண்ணி மட்டும் இருக்கணும்.

மாப்ள இப்ப பதினொண்ணாவது முடிக்கப் போறான். கணிதம் நல்லா வருது. இங்கிலீஷ்ல பேசச் சொன்னா இன்னும் வாயைத் திறக்க யோசிக்கிறான், அதுதான் இந்த வருஷ வேலை. ஞாயித்துக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் போன்ல ரெண்டு பேரும் இங்கிலீஷ்லயே பேசுறோம். அவன் சிரிச்சா நானும் சிரிச்சுடுவேன், அதனால பாதி நேரம் அதுலயே போகும். அடுத்த வருஷம் பன்னெண்டாவது பரீட்சை முடிஞ்ச கையோட சிஇடி. போன வாரம் அக்கா கேட்டா, "தம்பி, இதுக்கு இப்பவே எங்கயாவது பணம் கட்டி வெக்கணுமாடா?" இல்லக்கா, இது வரைக்கும் நாம கட்டினது கண் டாக்டர் ஃபீஸ் மட்டும்தான்னு சொன்னேன்.

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இந்த ஆசையில ஒரு பத்தாவது பையனோ பொண்ணோ இருந்தா, இந்த எபிசோடை அனுப்பி வைங்க. கேள்வி இருந்தா எழுதுங்க. ஸ்பான்சர்ஷிப் நேர்காணல்ல என்ன கேக்குறாங்கங்கிறதை, கப்பல்ல இருக்கிற ஒருத்தரையே கூட்டிட்டு வந்து இன்னொரு எபிசோட்ல பேசலாம்னு இருக்கேன். அவர் கரைக்கு வரட்டும்.